அடித்தாள் சொல்லும் சாட்சி

கையால் எழுதிய ஆறு பக்கக் கடன் ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தில் இரு தரப்பாரின் கையெழுத்தும் அசல்தான். ஆனால் நடுவில் ஒரு தாளை உருவி எடுத்துவிட்டு, தொகையைக் கூட்டி எழுதிய வேறு தாளைச் செருகிவிட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதால் மட்டும் இது அகப்படாது. ஆனால் செருகிய தாளுக்கு அடியில் கிடக்கும் தாளை விசாரிக்கலாம். அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. நிலைமின்சாரத்தால் எழுத்துத் தடத்தை எழுப்பும் அந்தக் கருவியை ஆய்வகங்களில் 'எஸ்டா' என்கிறார்கள்.

பேனா ஒரு தாளை அழுத்தும்போது அடுத்த தாளும் அழுத்தம் வாங்குகிறது. அதற்கும் கீழே இருப்பவை கொஞ்சம் குறைவாக வாங்குகின்றன. பள்ளம் ஆழமாக இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே நிழலில் எழுத்து தெரிந்துவிடும். சினிமாவில் துப்பறிபவர் பென்சிலைத் தேய்த்துப் படிப்பது ஆவணத்தைப் பாழாக்கும் வேலை. எஸ்டாவின் அருமையே, கண்ணுக்கும் விளக்குக்கும் சிக்காத தடத்தை, தாளில் ஒரு பொட்டுக் கறை படாமல் எழுப்புவதில் இருக்கிறது.

முதலில் தாளுக்குச் சற்று ஈரப்பதம் ஊட்டுகிறார்கள். பிறகு நுண்துளைகள் உள்ள வெண்கலத் தட்டில் அதைக் கிடத்தி, மேலே சில மைக்ரான் தடிமனே உள்ள பாலியெஸ்டர் படலத்தை விரிக்கிறார்கள். கீழிருந்து பம்பு காற்றை உறிஞ்ச, தாளும் படலமும் தட்டோடு இறுக ஒட்டிக்கொள்கின்றன. பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்த மெல்லிய கம்பியைப் படலத்துக்கு மேலே முன்னும் பின்னும் நகர்த்தி மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். கடைசியாக, ஜெராக்ஸ் இயந்திரத்தில் இருப்பது போன்ற கறுப்பு டோனர் தூளைப் பொடிக் கண்ணாடி மணிகளோடு கலந்து, தட்டைச் சாய்த்து வழியவிடுகிறார்கள். மணிகள் உருண்டு போய்விடும். தூள் மட்டும் தடம் உள்ள இடத்தில் நின்றுகொள்ளும். வெறும் தாளாகக் கிடந்ததில் வரி வரியாக எழுத்து எழுந்து வரும்.

ஓலைச்சுவடி எழுதியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருந்திருக்காது. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து பளிச்சென்று தெரியாது. கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து கண் திறக்கும். மையாடல் என்று அதற்குப் பெயர். எஸ்டாவில் நடப்பதும் ஒரு மையாடல்தான். ஆனால் ஓலையில் கரி கீறலுக்குள்ளேயே இறங்குகிறது. இங்கே தூள் தாளைத் தொடுவதே இல்லை, படலத்தின் மேல் நிற்கிறது, அதைப் பிடித்து வைப்பது மின்னூட்டம். ஓலையில் ஆழக் கீறினால் எழுத்து அழுத்தமாக வரும். இங்கே கண்ணால் பார்க்கும் அளவுக்கு ஆழமான தடம் சில சமயம் மங்கலாகவும், கண்ணுக்கே தெரியாத தடம் கறுகறுவென்றும் விழுகிறது. ஏடு எழுதியவர் எழுத நினைத்து எழுதினார். அடித்தாளில் எழுதியவருக்கோ தாம் எழுதியதே தெரியாது.

மின்னூட்டம் தடத்தில் மட்டும் ஏன் மாறுபடுகிறது? அழுத்தம் பட்ட இடத்தில் தாளின் தடிமன் மாறுவதால் என்றுதான் முதலில் விளக்கம் சொன்னார்கள். ஆழமான தடம் மங்கலாக விழுவது அந்த விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை. எழுதும்போது மேல்தாளும் அடித்தாளும் உரசுவதால் இழைகளின் மேற்பரப்பு மாறிவிடுகிறது, அந்த மாற்றமே முக்கியம் என்பது இன்னொரு விளக்கம். ஆய்வாளர்களிடையே முழு ஒப்புதல் இன்னும் ஏற்படவில்லை. தினமும் பயன்படும் கருவி ஒன்றின் அடிப்படை இவ்வளவு காலம் திறந்த கேள்வியாகவே இருப்பது இந்தத் துறையின் அழகுகளில் ஒன்று.

வரலாறு சுருக்கமானது. 1970களின் பிற்பகுதியில் லண்டன் அச்சுக் கல்லூரியில் துணியில் பதிந்த கைரேகையைத் தேடிய முயற்சியில் இந்த முறை தற்செயலாகக் கிடைத்தது. ஆய்வாளர்கள் ஃபாஸ்டர், மொரான்ட்ஸ் இருவரும் 1979இல் அதை ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

அது உலகறிந்தது ஒரு வழக்கில். 1974 நவம்பர் 21 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை. ஆதாரங்களில் ஒன்று, கையில் வெடிமருந்து இருந்ததைக் காட்டியதாகச் சொன்ன ரசாயனச் சோதனை. 99 சதவீதம் உறுதி என்றார் நிபுணர். சீட்டுக்கட்டின் பூச்சு பட்டாலும் அந்தச் சோதனை அதே பதிலைத் தரும் என்று பின்னர் தெரிந்தது. இன்னொரு ஆதாரம், போலீஸ் விசாரணைக் குறிப்புகள். விசாரணை நடக்க நடக்கவே எழுதியவை என்று சத்தியம் செய்திருந்தார்கள். தொடர்ந்து எழுதியிருந்தால் முதல் பக்கத்தின் தடம் இரண்டாம் பக்கத்தில் இருக்க வேண்டும். எஸ்டா காட்டியது வேறு: அந்தக் குறிப்புகள் சொன்னபடி எழுதப்பட்டிருக்க முடியாது. 1991 மார்ச் 14 அன்று ஆறு பேரும் விடுதலையானார்கள். அதற்குள் 16 ஆண்டுகள் கம்பிக்குப் பின்னால் கழிந்திருந்தன.

99 சதவீதம் என்ற வாக்கை நினைவில் வைத்துக்கொண்டுதான் 'போலி செய்யவே முடியாத தாள்' என்ற விளம்பரங்களைப் படிக்க வேண்டும். 2005இல் இம்பீரியல் கல்லூரியின் ரஸ்ஸல் கவ்பர்ன் குழு, லேசர் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தை வைத்தே ஒவ்வொரு தாளையும் தனித்து அடையாளம் காணலாம் என்று 'நேச்சர்' இதழில் காட்டியது. நீரில் நனைத்தாலும் சூடாக்கினாலும் அந்த அடையாளம் நிலைத்தது. அசத்தலான ஆய்வு. ஆனால் தாள் புழக்கத்துக்கு வரும் முன்பே அதைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். அது அதே தாள்தான் என்று சொல்லுமே தவிர, பிறகு யார் எதைச் சேர்த்து எழுதினார்கள் என்று சொல்லாது. சான்றிதழில் அச்சிடும் கியூஆர் குறியீட்டுக்கும் வரம்பு உண்டு. அது எந்த இணைய முகவரிக்குக் கொண்டுபோகிறது என்று பார்க்காவிட்டால், போலிச் சான்றிதழ் போலிப் பக்கத்தைக் காட்டி 'சரி' என்று சொல்லிவிடும்.

எஸ்டாவுக்கும் எல்லை உண்டு. தாளைத் தனித்தனியாக மேசை மேல் வைத்து எழுதியிருந்தால் அடுத்த தாளில் தடம் இருக்காது. தடம் இல்லாததை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. வாசகர் கேட்ட ஒப்பந்தத்தில், அடித்தாளில் இப்போதைய பக்கத்தில் இல்லாத தொகை எழுந்து வந்தால் அது வலுவான சாட்சி.

அந்தச் சாட்சியை நம் கையாலேயே அழித்துவிடும் பழக்கங்கள் உண்டு. மூலப் பத்திரத்தை லேமினேட் செய்தால் எஸ்டாவுக்கு வேலையே இல்லை. ஆவணத்தை உறையில் போட்டபின் உறைமேல் முகவரி எழுதினால் அந்த முகவரியும் ஆவணத்தில் பதிந்துவிடும். சந்தேகம் எழுந்தால், எழுதிய ஒற்றைத் தாளை மட்டும் கிழித்து அனுப்பாமல் அதற்கு அடியில் இருந்த மிச்சக் குறிப்பேட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில், கைரேகைக்கான நின்ஹைட்ரின் சோதனைக்கு முன்பே எஸ்டாவைச் செய்துவிட வேண்டும். கரைப்பான் பட்ட தாளில் தடம் சரியாக எழாது.