கப்பலை இழுக்கும் கப்பல்

துறைமுகத்துக்குள் ஒரு பெரிய கப்பல் நுழையும்போது, வேடிக்கை பார்ப்பவர் கண்களெல்லாம் அந்தப் பெரிய கப்பலின் மேலேயே இருக்கும். அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பெரும்பாடு படும் சிறு கப்பலை எவரும் பொருட்படுத்துவதில்லை. துறைமுகத்தார் 'டக்' என்றழைக்கும் அந்த இழுவைக் கப்பலைப் பற்றி நேயர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறோம்.

மலைபோன்ற கப்பலுக்கு இச்சிறு கப்பலின் உதவி எதற்கு என்ற சந்தேகம் எழலாம். சுக்கான் வேலை செய்வதற்கு அதன்மேல் தண்ணீர் விரைந்து பாய வேண்டும். துறைமுகத்தினுள் வேகத்தைக் குறைத்ததும் சுக்கானின் வலிமை குன்றிவிடுகிறது. அச்சமயம் காற்று சற்றே பலமாக அடித்தாலும் கப்பல் துறைமுகச் சுவரில் மோத நேரிடும். இழுவைக் கப்பல்கள் ஒருபுறம் இழுத்தும் மறுபுறம் தள்ளியும் அதை இடம் சேர்க்கின்றன. சிறிய உடல், மிகப் பெரிய யந்திரம். இதுவே இவற்றின் இரகசியம்.

நீராவியால் இழுக்கும் இவ்வித்தை இரு நூற்றாண்டுப் பழமையுள்ளது. ஸ்காட்லாந்தில் வில்லியம் ஸைமிங்டன் என்பவர் அமைத்த 'ஷார்லட் டண்டாஸ்' என்னும் படகு, 1803-ஆம் வருஷம் கடும் எதிர்க்காற்றில் 70 டன் கொண்ட இரண்டு தோணிகளைக் கால்வாய் வழியே இழுத்துச் சென்றது. ஆயினும் அலைகளால் கால்வாயின் கரை இடிந்துபோகும் என்று அஞ்சி, உரியவர்கள் அதைக் கைவிட்டனர்.

நடுக்கடலில் இழுப்பதோ முற்றிலும் வேறான வேலை. அங்கே வடத்தை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம் விடுவார்கள். அது தன் பாரத்தால் நீருக்குள் வளைந்து தொங்கும். அலை இரு கப்பல்களையும் பிரித்து இழுக்கும்போது அவ்வளைவு நிமிர்ந்து அதிர்ச்சியைத் தாங்கும். வடம் விறைத்துவிட்டால் அறுந்துபோகும். அது பக்கவாட்டில் இழுக்கப்பட்டால், இழுவைக் கப்பலே கவிழ்ந்து மாலுமிகள் மாண்டுபோவதும் உண்டு.

இத்தகைய கப்பல் தக்க வேளையில் கிடைக்காவிடில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1978-ஆம் வருஷம் மார்ச்சு 16-ஆம் தேதி காலையில், பாரசீக வளைகுடாவிலிருந்து எண்ணெய் ஏற்றி வந்த 'அமோகோ காடிஸ்' என்ற கப்பலின் சுக்கான் யந்திரம் பிரான்ஸின் பிரிட்டனிக் கரைக்கு அப்பால் கெட்டுப்போயிற்று. உதவி கேட்பதற்குள் ஒன்றரை மணிக்கு மேல் கழிந்தது. அவ்வழியே சென்ற ஜெர்மானிய இழுவைக் கப்பல் 'பஸிபிக்' விரைந்து வந்து வடம் கட்டியது. எந்த நிபந்தனையின் பேரில் உதவுவது என்ற பேரமும் கூடவே நடந்துகொண்டிருந்தது. 334 மீட்டர் நீளமுள்ள கப்பலைப் புயற்காற்றில் அது தனியாக எப்படித் தாங்கும்? வடம் அறுந்தது. மாலையில் மறுபடியும் முயன்றார்கள், பயனில்லை. இரவு ஒன்பது மணியளவில் கப்பல் போர்ட்ஸால் என்ற ஊருக்கெதிரே பாறையில் ஏறியது. மாலுமிகளை ஹெலிகாப்டர்கள் மீட்டன. ஆனால் 2,20,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கலந்தது. 300 கிலோ மீட்டருக்கு மேல் கரை கறுத்தது. பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. சிப்பி வளர்ப்போரும் செம்படவரும் பிழைப்பிழந்து தவித்தனர்.

பிரெஞ்சு தேசத்தார் இதிலிருந்து பாடம் கற்றனர். 1979-ஆம் வருஷம் முதல் பிரெஸ்ட் துறைமுகத்தில் 'அபெய் ஃபிளாண்டர்' என்ற வலிய இழுவைக் கப்பலை எப்பொழுதும் ஆயத்தமாக நிறுத்தினர். 2005-ல் அதனிலும் வலிமை மிக்க, 80 மீட்டர் நீளமுள்ள 'அபெய் பூர்பான்' அதன் இடத்துக்கு வந்தது. 2007 ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாய்ப் புயலில் 'நாபோலி' என்ற சரக்குக் கப்பலின் உடல் பிளந்தபோது, இக்கப்பலும் இதன் சகோதரக் கப்பலும் அதை இழுத்துச் சென்றன. பிறகு தென் இங்கிலாந்தில் காற்றொதுக்கான ஒரு கரையில் அதை வேண்டுமென்றே தரைதட்டச் செய்து, அதிலிருந்த எரி எண்ணெயில் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிட்டனர்.

நம் கடலுக்கும் இவ்விஷயம் தூரமானதன்று. 2025 ஜூன் மாதம் கேரளக் கரைக்கு அப்பால் 'வான் ஹாய் 503' என்ற கப்பல் தீப்பற்றிக் கரையை நோக்கி மிதந்தபோது, இந்திய மீட்புப் படையினர் அதில் வடம் பூட்டினர். இழுவைக் கப்பல் அதைக் கரையினின்று தொலைவுக்குக் கொண்டுபோயிற்று.

வேலையின்றித் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு ஆண்டுதோறும் செலவு ஏன் என்று கணக்குப் பார்ப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. ஊரில் தீப்பிடிக்காத நாளிலும் தீயணைப்புப் படைக்குச் சம்பளம் கொடுக்கிறோம் அன்றோ? இழுவைக் கப்பல் காத்திருப்பதும் அத்தகைய ஊழியமே. புயலடிக்கும் அன்று புதிதாக ஒரு கப்பல் தேடிப் பிடிக்க இயலாது. அது முன்பே அங்கு நின்றிருக்க வேண்டும்.