எசேக்கியேல் நூலில் தனிமனிதப் பொறுப்பு

எசேக்கியேல் நூலில் தனிமனிதப் பொறுப்பு என்பது, ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்கே கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டும், தந்தையின் குற்றம் மகன்மீது சுமத்தப்படாது என எபிரேய இறைவாக்கினர் (தீர்க்கதரிசி) எசேக்கியேல் வழங்கிய போதனையைக் குறிக்கும். எபிரேய விவிலியத்தில் அவர் பெயரால் வழங்கும் நூலின் 18 ஆம் அதிகாரத்தில் இது விரிவாக இடம்பெறுகின்றது. 3, 14, 33 ஆம் அதிகாரங்களிலும் இக்கருத்து காணப்படுகின்றது. அவர் காலத்தவரான எரேமியாவின் நூலிலும் (31:29-30) இதன் சுருக்கமான வடிவம் உண்டு.

பின்னணி

கி.மு. 597 இல் பாபிலோனிய மன்னன் நெபுகத்னேசர் எருசலேமைப் பணியவைத்து, யூதாவின் அரசன் யோயாக்கீனையும் அதிகாரிகள், கைவினைஞர் பலரையும் நாடுகடத்திச் சென்றான். குரு மரபைச் சேர்ந்த எசேக்கியேலும் இவர்களுள் ஒருவர். கெபார் என்னும் கால்வாயின் கரையில் அமைந்த தெல் அபிப் என்ற குடியிருப்பில் அவர் வாழ்ந்தார். கி.மு. 593 அளவில் அவரது இறைவாக்குப் பணி தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகளில், கி.மு. 587 அல்லது 586 இல், எருசலேம் நகரும் கோவிலும் அழிக்கப்பட்டன.

நாடுகடத்தப்பட்டோர் அனைவரும் விலங்கிடப்பட்ட அடிமைகளாக இருந்தனர் எனக் கருதுவதற்கில்லை. யோயாக்கீனுக்கும் அவன் புதல்வருக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டதைக் கூறும் ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள் பாபிலோனில் கிடைத்து, 1939 இல் வெளியிடப்பட்டன. 2014 இல் வெளியான, சற்றுப் பிற்காலத்தைச் சேர்ந்த வேறு பலகைகள், யூதா மக்கள் அங்கே நிலம் பயிரிட்டும் வரி செலுத்தியும் கடன் கொடுத்து வாங்கியும் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. அவர்களை வாட்டியது, தம் நாடு ஏன் வீழ்ந்தது என்ற கேள்வியே.

இக்கேள்விக்கு மக்களிடம் ஒரு பழமொழி விடையாக இருந்தது. தந்தையர் திராட்சைக் காயைத் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசுகின்றன என்பது அதன் பொருள். (இதில் வரும் எபிரேயச் சொல் புளித்துப்போன பழத்தை அன்றி, பழுக்காத காயையே குறிக்கும்.) இதனை வெறும் பாமர நம்பிக்கை என ஒதுக்கிவிட முடியாது. தந்தையரின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்ற கருத்து பத்துக் கட்டளைகளிலேயே இடம்பெற்றுள்ளது. ஆகான் என்பவனின் திருட்டுக்காக அவன் குடும்பமும் அழிந்ததாக யோசுவா நூல் கூறுகின்றது. யூதாவின் அழிவுக்கு, அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட மனாசே அரசனின் பாவங்களை அரசர்கள் நூல் காரணமாகக் காட்டுகின்றது.

இதற்கு மாறான விதி ஒன்றும் பண்டைய சட்டத்தில் இருந்தது. தந்தைக்காக மகனையோ மகனுக்காகத் தந்தையையோ கொல்லலாகாது என இணைச்சட்ட நூல் (உபாகமம் 24:16) விதிக்கின்றது. ஆனால் இது மனிதரின் நீதிமன்றத்துக்கான விதி. கடவுளின் தீர்ப்பும் இதே முறையில்தான் அமையும் என்று கூறியதே எசேக்கியேலின் போதனையில் புதியது.

18 ஆம் அதிகாரம்

இவ்வதிகாரம் சட்ட நூல்களின் நடையில் மூன்று தலைமுறைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அமைந்துள்ளது. முதலாமவன் நேர்மையாளன். சிலைகளை வழிபடாதவன், பிறன்மனை நாடாதவன், கடன்பட்டவனின் அடகுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பவன், வட்டி வாங்காதவன், பசித்தவனுக்கு உணவும் ஆடையற்றவனுக்கு ஆடையும் அளிப்பவன். அவன் மகனோ இவற்றுக்கெல்லாம் நேர்மாறானவன். பேரன், தன் தந்தை செய்தவற்றைக் கண்டும் அவ்வழியில் செல்லாதவன். முதலாமவனும் மூன்றாமவனும் வாழ்வர், நடுவில் உள்ளவன் சாவான் என்பது தீர்ப்பு. எசேக்கியா, மனாசே, யோசியா ஆகிய அரசர்களை மனத்திற்கொண்டே இது எழுதப்பட்டது என்று கருதுவோரும் உளர். வாழ்வு, சாவு என்பவற்றால் பிற்காலச் சமயங்கள் கூறும் மறுமை இங்கே குறிக்கப்படவில்லை.

பாவம் மட்டுமன்றிப் புண்ணியமும் கைமாறாது என்பது பலரும் கவனியாது விடும் செய்தியாகும். நல்ல தந்தையால் கெட்ட மகனுக்குப் பயனில்லை. நோவா, தானியேல், யோபு ஆகிய மூவர் ஒரு நாட்டில் இருந்தாலும் அவர்கள் தம் உயிரை மட்டுமே காத்துக்கொள்வர் என்று 14 ஆம் அதிகாரம் கூறுகின்றது.

அதிகாரத்தின் பிற்பகுதி இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. முன்னோரின் செயல் மட்டுமன்று, ஒருவனின் சொந்தக் கடந்தகாலமும் அவனை முடிவாகக் கட்டுப்படுத்தாது. தீயவன் திருந்தினால் வாழ்வான். நல்லவன் தடம் மாறினால் அவனது பழைய நேர்மை அவனைக் காக்காது.

விடுதலை தருவதாகத் தோன்றும் இப்போதனையை மக்கள் வரவேற்கவில்லை. ஆண்டவரின் வழி நியாயமற்றது என்று அவர்கள் முறையிட்டதை நூலே பதிவு செய்கின்றது. பழமொழியின்படி அவர்கள் குற்றமற்றவர்கள், பிறர் செய்த வினையால் துன்புறுவோர். புதிய போதனை அவர்களுக்கு எதிர்காலத்தைத் தந்தபோதிலும், இதுகாறும் ஒதுங்கியிருந்த அந்த நிழலை அகற்றிவிட்டது. இறைவாக்கினரும் இதற்கு விலக்கல்லர். காவற்காரன் எச்சரிக்கத் தவறினால் மாண்டவனின் இரத்தப்பழி அவன்மேல் விழும் என 3, 33 ஆம் அதிகாரங்கள் கூறுகின்றன.

ஆய்வாளர் கருத்துகள்

குழுப் பொறுப்பு என்ற பழைய எண்ணத்தை அகற்றித் தனிமனிதக் கொள்கையை முதன்முதலில் நிறுவியவர் எசேக்கியேல் என்னும் கருத்து முன்பு பரவலாக இருந்தது. பால் ஜாய்ஸ் (1989), ஜோயல் காமின்ஸ்கி (1995) முதலிய பிற்கால ஆய்வாளர்கள் இதனை ஏற்கவில்லை. அதிகாரம் முழுவதும் 'இஸ்ரயேல் வீட்டார்' என்ற சமூகத்தையே விளித்துப் பேசுகின்றது. இங்கு ஆராயப்படுவது ஒரு தலைமுறையின் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். இதே நூலின் 21 ஆம் அதிகாரத்தில் நேர்மையாளரும் தீயோரும் ஒருங்கே வெட்டுண்பர் என்று கூறப்படுவதும் எளிதில் இணங்காத செய்தியாகும்.

எரேமியா நூலில் இப்பழமொழி வழக்கொழிவது வரவிருக்கும் காலத்துக்கு உரியதாகச் சொல்லப்படுகின்றது. எசேக்கியேலோ அது உடனே நிற்க வேண்டும் என்கிறார்.

பிற்கால மரபில்

மோசேயின் சொல்லுக்கும் எசேக்கியேலின் சொல்லுக்கும் இடையிலான முரண்பாட்டை யூத அறிஞர் மறைக்க முயலவில்லை. மோசே விதித்ததை எசேக்கியேல் வந்து நீக்கினார் என்று ரபி யோசே பார் அனினா கூறியதாகப் பாபிலோனியத் தல்மூதின் மக்கோத் பகுதி குறிப்பிடுகின்றது. அதே தல்மூதின் பெராக்கோத் பகுதியோ இரண்டையும் இணக்கப்படுத்துகின்றது. தந்தையின் தீச்செயலை விடாது பற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கே மோசேயின் சொல் பொருந்தும் என்பது அதன் விளக்கம். பழைய எண்ணம் பின்னரும் நீடித்தது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது இவர் பாவமா, பெற்றோர் பாவமா என இயேசுவின் சீடர்கள் வினவியதாக யோவான் நற்செய்தி (9:2) கூறுகின்றது.