இருக்கையும் பயணமும்

அட்டப்பாடியிலுள்ள அகளிக்கு மேற்கே மண்ணார்க்காட்டிலிருந்து ஒரு மலைப்பாதையும், கிழக்கே கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக ஒரு சாலையும் வருகின்றன. இவ்வழிகளில் மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்வோர்க்கு இடுப்பு வலி உண்டாவது ஏன்?

அமரும்போது உடல் எடையின் பெரும்பகுதி, இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளின்மீது விழுகிறது. எடையைத் தாங்கும் பரப்பு சிறிதானால் அழுத்தம் மிகும். குருதியோட்டம் குறைந்து அவ்விடம் மரத்துப்போகும். மிக மென்மையான பஞ்சு இதற்குத் தீர்வாகாது. அது முழுவதும் அமுங்கி, அடித்தட்டின் கடினத்தையே உணரச் செய்யும்.

புதிய இருக்கை வாங்காமலே இக்குறையை நீக்கலாம். பஞ்சுத் துண்டுகளை ஒட்டி, அழுத்திச் செய்யப்படும் பஞ்சு விலை குறைந்தது, எளிதில் அமுங்காதது. இருக்கை தைப்பவரிடம் கொடுத்து, பழைய பஞ்சுக்கு மாற்றாக இதனை வைத்து, மேலே மென்பஞ்சு ஓர் அடுக்கு இட்டுத் தைக்கலாம். காற்றோட்டமுள்ள வலைத்துணி உறை வியர்வையைக் குறைக்கும். ஆயினும், இருக்கையை மிகவும் உயர்த்தினால் கால் தரையில் ஊன்றாது. இறுகக் கட்டாத மெத்தை வளைவுகளில் நழுவும்.

எவ்விருக்கையாயினும் மணிக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடத்தல் நன்று. வலியால் நெளிபவரின் கவனம் சாலையில் நிலைக்காது. மலைப்பாதையின் வளைவுகளில் அக்கவனமே உயிர் காப்பது.