படைக் கடிகாரத்தில் அசல் எது?

1945-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்து சேர்ந்த கைக்கடிகாரங்களின் பின்மூடியில் மூன்று 'டபிள்யூ' எழுத்துகள் பொறிக்கப்பட்டன. 'கடிகாரம், மணிக்கட்டு, நீர்புகாதது' என்ற கிடங்குப் பெயரின் ஆங்கிலச் சுருக்கம் அது. ஒரே விவரக்குறிப்பின்படி பன்னிரண்டு நிறுவனங்கள் இவற்றை வழங்கின: பியூரன், சைமா, எடெர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர்-லெகூல்ட்ர், லெமானியா, லாஞ்சின்ஸ், ஒமேகா, ரெக்கார்டு, டிமோர், வெர்டெக்ஸ். கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் முட்கள், ஆறு மணி இடத்தில் சின்ன வினாடி வட்டம், 15 கல் வைத்த இயந்திரம் ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. 1967-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படத்தின் பெயரை ஒட்டி, சேகரிப்பாளர்கள் இவற்றை 'டர்ட்டி டசன்' என்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை குறிகள். டயலிலும் பின்மூடியிலும் உள்ள அகன்ற அம்புக்குறி, அது பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால், கடிகாரம் படையிலிருந்து கழித்துவிடப்பட்டது என்று பொருள். பின்மூடியில் படை எண்ணும் இருக்கும், தயாரிப்பாளரின் வரிசை எண்ணும் இருக்கும். ஒமேகாவின் படை எண் 'ஒய்' எழுத்தில் தொடங்கும். வேறு எழுத்தோடு ஓர் ஒமேகா வந்தால், மூடி வேறொரு கடிகாரத்தினுடையதாக இருக்கலாம்.

அடுத்தது டயல். அதிகம் சொல்வதும், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். 1945-இன் ஒளிர்பூச்சு, ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்தது. ரேடியம் உமிழும் துகள்கள் சல்பைடில் மோத, அது ஒளிர்ந்தது. ஆனால் அதே மோதல்தான் சல்பைடின் படிக அமைப்பையும் சிதைத்தது. சில பத்தாண்டுகளில் ஒளி அணைந்துவிட்டது, கதிரியக்கமோ அதிகம் குறையவில்லை. ரேடியம்-226-இன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். எனவே அன்று பூசியதில் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் இன்றும் அப்படியே இருக்கிறது.

இந்த முரண்பாடே நல்ல சோதனையாகிறது. அசல் ரேடியம் பூச்சு இருட்டில் தானாக ஒளிராது. ஆனால் கைகர் கருவியைக் கண்ணாடிக்கு மேலே வைத்தாலே அது படபடக்கும். புற ஊதா விளக்கைக் காட்டினால் மங்கலாக மின்னி, விளக்கை எடுத்தவுடன் அணையும். விளக்கை எடுத்த பிறகும் சில நிமிடம் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தால், பூச்சு அண்மைக் காலத்தது. உருப்பெருக்கியில் பழைய பூச்சு மணல்மணலாக, வெடிப்போடு தெரியும். எண்களிலும் முட்களிலும் உள்ள பூச்சு ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கிறதா என்றும் ஒப்பிட வேண்டும். முட்கள் மட்டும் வெளுத்திருந்தால் அவை பிற்பாடு மாறியவையாக இருக்கலாம்.

மறுபூச்சு கண்ட டயலை அதன் எழுத்துகளே காட்டிக்கொடுக்கும். அசல் அச்சில் கோடுகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். மறுபூச்சில் எழுத்து தடித்தும் வினாடிக் கோடுகள் நகர்ந்தும் நிற்கும். இந்தியாவில் இப்படி வண்ணம் பூசிப் புதுக்கி விற்கப்படும் பழைய கடிகாரங்களுக்குச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

உறையின் மேற்பரப்பு வெளிச்சத்தைப் பிரதிபலிக்காதபடி மங்கலாக இருப்பது இயல்பு. கண்ணாடி போலப் பளபளத்தால் யாரோ மெருகேற்றியிருக்கிறார்கள். மெருகேற்றும்போது உலோகம் தேய்கிறது: வார் மாட்டும் கொம்புகள் மெலிகின்றன, பொறித்த எண்கள் ஆழமிழக்கின்றன. கீறல் என்பது வெறும் பயன்பாட்டுத் தடம்; தேய்ந்துபோன உலோகமோ திரும்பி வராது. நீர்புகாதது என்று பின்மூடியே சொன்னாலும், இத்தனை ஆண்டுகள் கழித்துத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

இயந்திரத்தின் நிலையைக் காதாலும் கருவியாலும் அறியலாம். அக்காலத்துக் கடிகாரங்களில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து முறை துடிப்பவை. அந்த ஒலியை நுண்ணொலி வாங்கியால் பிடித்து, பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு தூரம் சுழல்கிறது என்று கணக்கிடும் கருவி உண்டு. முழுச் சாவி கொடுத்துப் படுக்கை நிலையில் 270 பாகைக்கு மேல் சுழன்றால் ஆரோக்கியம். 200 பாகைக்குக் கீழே இறங்கினால் எண்ணெய் வறண்டிருக்கலாம் அல்லது அச்சு தேய்ந்திருக்கலாம். கடிகாரம் திடீரென்று வேகமாக ஓடினால் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கக்கூடும். அருகில் ஒரு திசைகாட்டியை வைத்து, அதன் முள் ஆடுகிறதா என்று பார்த்தால் விளங்கிவிடும். காந்தத்தை எளிதில் நீக்கலாம். அது கேடு அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் 'அசல்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. பழுதுபார்க்கும் படைப் பட்டறையில் ஒரு கடிகாரத்தின் முள் இன்னொன்றுக்குப் போனது, டயல்கள் மாறின. விமானப் படை வழிகாட்டிகளுக்காக 1940-களின் இறுதியில் வந்த ஐ.டபிள்யூ.சி. மார்க் 11 இதற்கு எடுத்துக்காட்டு. காந்தத்தைத் தடுக்க அதன் இயந்திரம் தேனிரும்புக் கூட்டுக்குள் அமைந்தது. முதலில் ரேடியம் டயலோடு வந்த பலவற்றுக்கு 1960-களில் டிரிட்டியம் டயல் பொருத்தப்பட்டது. வட்டத்துக்குள் 'டி' எழுத்து அதன் அடையாளம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள் என்பதால் இன்று நூற்றில் சில பங்கே எஞ்சியிருக்கும். அதன் மெலிந்த கதிர் கண்ணாடியைத் தாண்டாது. ஆகவே 'டி' எழுத்துள்ள டயலுக்கு மேலே கைகர் கருவி படபடத்தால், ரேடியம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

படைப் பட்டறை மாற்றிய டயல் அந்தக் கடிகாரத்தின் பணி வரலாற்றைச் சேர்ந்தது. விற்பதற்காக நேற்று மாற்றிய டயல் அந்த வரலாற்றை அழிக்கிறது. இரண்டையும் பிரித்தறிவதே மதிப்பீட்டின் சாரம்.

பழைய ரேடியம் பூச்சு உதிரும் தன்மையது. அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதே பெரிய ஆபத்து. எனவே டயலைச் சுரண்டக் கூடாது. பின்மூடியைத் திறக்கும் வேலையை, இதை அறிந்த கைவினைஞரிடம் விடுவதே முறை.