இடதுபக்க பிரேக்

டிரைவிங் ஸ்கூல் தொடங்க என்ன வேண்டும்? ஒரு பழைய கார், ஒரு பெயர்ப்பலகை, செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாலு நடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் முக்கியமாகக் கேட்பது மாஸ்டரின் காலடியில் இருக்கிறது.

திருக்கழுக்குன்றம் சாலையில் ‘எல்’ போர்டோடு ஊர்ந்து போகும் காரின் இடது இருக்கைக்குக் கீழே குனிந்து பாருங்கள். அங்கேயும் கிளட்ச், பிரேக் இருக்கும். இரும்புத் தண்டோ உறைக்குள் ஓடும் கம்பியோ அவற்றை ஓட்டுபவரின் பெடல்களோடு இணைக்கிறது. மாஸ்டர் மிதித்தால் வலதுபக்கப் பெடலும் கூடவே இறங்கும். வண்டியைத் தானே நிறுத்தியதாகப் புதியவர் பெருமைப்படுவது இதனால்தான்.

பிரேக் போதாதா, கிளட்ச் எதற்கு? பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அழுத்திவிடுபவர்கள் உண்டு. அப்போது மாஸ்டர் இரண்டையும் சேர்த்து மிதிப்பார். கிளட்ச் என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். என்ஜின் எவ்வளவு உறுமினாலும் வண்டி நின்றுவிடும். ஸ்டியரிங் மட்டும் ஒன்றுதான். அதற்கு மாஸ்டரின் வலது கை தயாராக இருக்கும்.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24ஆம் விதி, பைக் தவிர மற்ற பயிற்சி வண்டிகளுக்கு இந்த இரட்டைக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்குகிறது. மாஸ்டருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 5 ஆண்டு ஓட்டிய அனுபவம், மெக்கானிக் படிப்புச் சான்று வேண்டும். ஸ்கூலுக்கான உரிமம் 11ஆம் படிவத்தில் வரும். 5 ஆண்டு செல்லும்.

கார் பயிற்சி குறைந்தது 21 நாள், அதில் 10 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய அரை மணி. காலை ஆறிலிருந்து பத்துக்குள் ஒரு காரில் எட்டுப் பேர் ஏறி இறங்கலாம். வருமானக் கணக்கு அங்கே தொடங்குகிறது. எட்டுப் பேரும் அரை கிளட்சில் வண்டியை உருட்டுவதால் கிளட்ச் பிளேட் செலவும் அங்கேதான் தொடங்குகிறது.

2021இல் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையம் என்ற புது வகை வந்தது. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ.விடம் ஓட்டிக்காட்ட வேண்டாம். ஆனால் கார் பயிற்சிக்கே ஒரு ஏக்கர் நிலமும் சிமுலேட்டரும் வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு ஏக்கர் என்பது சின்ன முதலாளிக்கு ஆகிற காரியமில்லை. பெரிய நிறுவனங்களுக்குத் தைத்த சட்டை அது.

நீங்கள் கார் கற்கப் போகிறவர் என்றால், பணம் கட்டுமுன் 11ஆம் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். இடதுபக்க பிரேக்கை நீங்களே ஒருமுறை மிதித்துப் பாருங்கள். வலதுபக்கப் பெடல் அசையவில்லையென்றால் வேறு ஸ்கூல் தேடுங்கள்.