எக்செலில் பெருக்குத் தொடர்வரிசை: பத்து வருடம் எந்த வரியில்?

ஒரு லட்சம் ரூபாயை 8 சதவீதத்தில், வருடத்துக்கு ஒருமுறை வட்டி சேரும்படி பத்து வருடம் போட்டால் எவ்வளவு வரும் என்று என் மாமனார் கேட்டார். எக்செலைத் திறந்து இரண்டே நிமிடத்தில் 1,99,900 என்று சொன்னேன். அவர் கையில் இருந்த ரசீதிலோ முதிர்வுத் தொகை 2,15,892 என்று அச்சாகியிருந்தது. "உங்க கம்ப்யூட்டர் பதினாறாயிரத்தை முழுங்கிடுச்சே, மாப்பிள்ளை!" என்றார். தவறு கம்ப்யூட்டருடையது அல்ல, என்னுடையது.

கூட்டு வட்டியில் வருடா வருடம் வரும் தொகைகள், பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்வரிசைதான். எத்தனையாவது உறுப்பு வேண்டுமோ அந்த எண்ணில் ஒன்றைக் கழியுங்கள். பொது விகிதத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தி, முதல் உறுப்பால் பெருக்குங்கள். முதல் உறுப்பு இன்னும் ஒருமுறைகூடப் பெருக்கப்படவில்லை. அதனால்தான் ஒன்றைக் கழிக்கிறோம்.

இனி எக்செலில் செய்து பார்ப்போம். பி1 செல்லில் 100000, பி2 செல்லில் 1.08 என்று டைப் செய்யுங்கள். (0.08 என்று கொடுத்தால் லட்சம் 8,000 ஆகி, அடுத்து 640 ஆகிவிடும்!) ஏ4-ல் 1, ஏ5-ல் 2 என அமைத்து, இரண்டையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து ஏ14 வரை இழுத்தால் 11 வரை எண்கள் வந்துவிடும். பி4 செல்லில் கீழ்க்கண்ட ஃபார்முலாவைக் கொடுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். அடுக்குக் குறிக்கு ஷிப்ட் கீயுடன் 6.

=$பி$1*$பி$2^(ஏ4-1)

என்டர் தட்டிய பின் பி4-ஐ மீண்டும் தேர்வு செய்து, அதன் மூலைச் சதுரத்தில் டபுள் கிளிக் செய்தால் 1,00,000, 1,08,000, 1,16,640, 1,25,971.20 என்று உறுப்புகள் வரிசையாக இறங்கும். டாலர் குறியை விட்டுவிட்டால், அடுத்த வரியில் ஃபார்முலா பி2, பி3 என்று நகர்ந்து, காலியான பி3-ஐப் பிடித்துப் பூஜ்யம் காட்டும்.

நான் சறுக்கிய இடம் 13-ஆவது வரி. அதில் இருப்பது பத்தாவது உறுப்பு, அதாவது பத்தாவது வருடத்தின் தொடக்கத்தில் உள்ள தொகை. அதுவரை ஒன்பது முறைதான் வட்டி சேர்ந்திருக்கிறது. பத்து வருடம் முடிந்த தொகை பதினோராவது உறுப்பு. 14-ஆவது வரியில் 2,15,892.50 என்று அது அப்போதே இருந்தது.

இப்போது ஏ4-ல் 0, ஏ5-ல் 1 என்று தொடங்கி, 10 வரை இழுத்து, ஃபார்முலாவில் ஒன்றைக் கழிப்பதையும் எடுத்துவிட்டேன். தலைப்பு "முடிந்த வருடங்கள்". 9 சதவீதம் என்றால் எவ்வளவு என்றார் மாமனார். பி2-ல் 1.09 என்று மாற்றினேன். 2,36,736 வந்தது. இந்த முறை அவரையே வரியைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.