கரியும் காற்றும் ஒரு கணக்கும்

இரசாயனம் கற்கப் புகும் மாணவரைப் பெரிதும் மலைக்க வைப்பது சமன்பாடுகளைச் சமப்படுத்தும் வேலை. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீராகின்றன. இடப்புறத்தே ஐதரசன் மூலக்கூறு ஒன்று, ஒட்சிசன் மூலக்கூறு ஒன்று. ஒவ்வொன்றிலும் அணு இரண்டு. வலப்புறத்து நீர் மூலக்கூற்றிலோ ஒட்சிசன் அணு ஒன்றே உளது. மற்றையது எங்கே போயிற்று? அவசரக்காரர் நீரின் குறியீட்டிலே ஒட்சிசனுக்குக் கீழே 2 என்று இட்டுவிடுவர். கணக்கு நேராகிவிடும், நீர் போய்விடும். அவ்வாறு எழுதப்பட்டது ஐதரசன் பேரொட்சைட்டு. மயிர் வெளுக்கப் பயன்படுவது, குடிக்கத் தகாதது. பொருளின் குறியீட்டிலே கைவைத்தல் ஆகாது. அதன் முன்னே எண்ணை இடலாம். ஐதரசன் மூலக்கூறு 2, ஒட்சிசன் மூலக்கூறு 1, நீர் மூலக்கூறு 2. இப்பொழுது இருபுறமும் ஐதரசன் அணு 4, ஒட்சிசன் அணு 2.

இது பரீட்சகர் விதித்த விதியன்று. பிரெஞ்சு அறிஞர் இலவோசியர் வெள்ளீயத்தைக் கண்ணாடிப் பாத்திரத்திலிட்டு, வாயை அடைத்துச் சூடாக்கிய பரிசோதனையை 1774ஆம் ஆண்டிலே வெளியிட்டார். உலோகத்தில் ஒரு பகுதி சாம்பல்போலாயிற்று. பாத்திரத்தின் மொத்த நிறை மாறவில்லை. திறந்தபோதுதான் வெளிக்காற்று உட்புகுந்து நிறை கூடிற்று. அணுக்கள் இடம் மாறுகின்றனவேயன்றி அழிவதில்லை என்பதே இதன் விளக்கம்.

இக்கணக்கு உயிரோடு தொடர்புற்ற இடமும் உண்டு. கரி எரியும்போது காற்று தாராளமாயிருப்பின், காபன் அணு ஒன்றோடு ஒட்சிசன் மூலக்கூறு ஒன்று சேர்ந்து காபனீரொட்சைட்டாகும். 12 கிராம் காபனுக்கு 32 கிராம் ஒட்சிசன் வேண்டும். காற்றுக் குறைந்தால், அதே 32 கிராம் ஒட்சிசனை 24 கிராம் காபன் பங்கிட்டுக்கொள்ளும். காபன் அணு 2, ஒட்சிசன் மூலக்கூறு 1, காபனோரொட்சைட்டு மூலக்கூறு 2. தாளிலே இரண்டும் செம்மையாகச் சமப்பட்டவையே. ஆனால் பின்னைய வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்குமேல் இறுகப் பற்றும். குளிருக்கஞ்சிக் கரிச்சட்டியை அறையினுள்ளே வைத்து, கதவும் சாளரமும் அடைத்து உறங்கியோர் பின்னர் விழிக்காமற்போனது இதனாலேயே.

உண்மையில், கரி எரியும்போது இவ்விரு தாக்கங்களும் கலந்தே நிகழும். கனலும் கரியின்மேலே சிற்சில வேளை தோன்றும் நீலச் சுவாலை, காபனோரொட்சைட்டு மேலும் ஒட்சிசனைப் பெற்றுக் காபனீரொட்சைட்டாக எரிவதேயாகும். அதன் சமன்பாட்டை மாணவர் தாமே எழுதிப் பார்க்கலாம். எண்கள் முறையே 2, 1, 2 என வரும்.